உறங்கப்பிடாது, கேட்டியா

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் வீடு தூத்தூர் பக்கம். கணவர் ஆழ்கடலுக்குப் போகிறவர். கொச்சியில் போட் ஏறினால் திரும்பி வர முப்பது நாளோ நாற்பது நாளோ ஆகும். மகளுக்கு ஆறு வயது. ராத்திரி செபமாலை முடிந்ததும் அவளாகவே ஒரு செபம் சொல்வாள்: "ஏசப்பா, அப்பாக்க போட்டில நீ உறங்கப்பிடாது, கேட்டியா." சொன்ன மறுநிமிடம் அவள் உறங்கிவிடுவாள். நான் விடியும்வரை முழித்துக் கிடப்பேன். போன ஞாயிறு பிரசங்கத்தில், சிறு பிள்ளைகளைப் போல் ஆகாவிட்டால் விண்ணரசில் புக முடியாது என்று சாமியார் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒக்கிப் புயலைப் பார்த்த பிறகு எப்படி அண்ணன் குழந்தையாவது? அவளுக்கு ஒன்றும் தெரியாது, நம்புகிறாள். எனக்குத் தெரியுமே. நம்புவதுபோல நடித்தால் பாவமில்லையா? அவள் ஆண்டவரிடம் "நீ, வா, போ" என்று பேசுவதைத் திருத்த வேண்டுமா என்றும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். திருத்த வேண்டாம். நம் மூத்தவர்களும் மாதாவிடம் சண்டை போட்டவர்கள்தான்.

அப்புறம், உங்கள் மகளின் செபம் பைபிளிலேயே இருக்கிறது. மாற்கு நான்காம் அதிகாரம். புயலில் படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்து உறங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்கிறார்கள். அவர்களில் சிலர் கடலறிந்த மீன்காரர்கள், உங்களைப் போலத் தெரிந்தவர்கள். அவர்களை அவர் கடிந்துகொண்டது உண்மை. ஆனால் மாற்கு எழுதும் வரிசையைப் பாருங்கள். முதலில் எழுந்து காற்றை அடக்குகிறார், பிறகுதான் இவர்களைக் கேட்கிறார். அவர்கள் கத்தியதை உங்கள் மகள் முன்கூட்டியே சொல்லிவைக்கிறாள், அவ்வளவுதான்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படித்தானா? ஒன்றும் தெரியாத பிள்ளை எதற்கு உறங்கப்பிடாது என்று சொல்ல வேண்டும்? கடல் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள்.

நான் பல வருடம் மறைக்கல்வியில் புதுநன்மை வகுப்பு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கான வகுப்பு, எடுத்தவன். குழந்தைகளைச் சம்மனசு, தேவதூதர் என்று சொல்லும் ஆளில்லை நான். பூசை நேரத்தில் கிள்ளுவார்கள், அந்தோனியாரிடம் சைக்கிள் கேட்பார்கள். ஆனால் ஒரு பையனை மறக்க முடியவில்லை. ஒக்கி அடித்தது 2017 நவம்பர் 30. அடுத்த வருடம் அவன் என் வகுப்புக்கு வந்தான். அப்பா திரும்பி வரவில்லை. பரலோக மந்திரம் சொல்லும்போது எல்லாரோடும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவான், "உமது திருவுளம் நிறைவேறுக" என்று கேட்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்வான். "அன்றாட உணவை" என்ற இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்வான். நான் கவனித்து, பிள்ளைகள் முன்னால் எழுப்பி, அந்த வரியைச் சொல்லச் சொன்னேன். அவன் சொல்லவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்று நான் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. அடுத்த ஞாயிறு வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். அதே முதல் வரிசையில் உட்கார்ந்து, அதே வரியை விட்டுவிட்டுச் சொன்னான்.

நடிப்பு பாவமில்லையா என்று கேட்டீர்களே, அந்தப் பையன் நடிக்கவில்லை. கோபத்தை மறைக்கவில்லை. அதற்காக ஆண்டவர் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. பெரியவர்கள் நாம் இரண்டில் ஒன்றைத்தான் செய்வோம். ஒன்று, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வோம். இல்லையென்றால் கோயில் பக்கமே போகமாட்டோம்.

131-ம் திருப்பாடல் மொத்தமே மூன்று வசனம். அதில் தாய்மடியில் இருக்கும் குழந்தை ஒன்று வருகிறது. எபிரேயத்தில் அது பால்குடிக்கும் குழந்தை இல்லை, பால் மறக்கவைக்கப்பட்ட குழந்தை. நீங்கள் பிள்ளை வளர்த்தவர், இது எனக்கு விளங்குவதைவிட உங்களுக்கு நன்றாக விளங்கும். மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசியபோது அது என்ன அழுகை அழுதிருக்கும். கேட்டது கிடைக்கவில்லை, தந்தவளே கசந்துவிட்டாள். நாலு நாள் கழித்து அதே மடியில் வந்து படுக்கிறது, பாலுக்காக இல்லாமல். ஆண்டவர் காட்டிய குழந்தைத்தனத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கேட்டது நடக்கும் என்ற உறுதியை எந்தக் குழந்தையும் நமக்குக் கற்றுத்தர முடியாது.

நம் கரைக்கு வேதம் போதிக்க வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்கும் இந்தப் பாடம் பிள்ளைகளிடமிருந்துதான் கிடைத்தது. 1544-ல் நம் கரையில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு வருவதற்கு முன்பு, 1542-ல் தூத்துக்குடியிலிருந்து தம் சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். செபம் சொல்லிக்கொடு என்று பிள்ளைகள் அவரைச் சாப்பிடவும் விடவில்லையாம், தூங்கவும் விடவில்லையாம், குருக்கள் தினமும் சொல்லவேண்டிய கட்டளைச் செபத்தையும் முடிக்க விடவில்லையாம். விண்ணரசு ஏன் இவர்களுடையது என்று அப்போதுதான் விளங்கத் தொடங்கியது என்கிறார். தமிழ் அவருக்குச் சரியாக வராது, வேலையோ தலைக்கு மேல். பிறகு நோயாளிகள் கூப்பிடும் வீடுகளுக்குத் தமக்குப் பதிலாக அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி விசுவாச மந்திரம் சொல்லிவிட்டு வருவார்கள். பாரிஸில் படித்த மனுஷன் செய்த காரியம் இது.

இன்னொன்று. முன்பு பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளைப் புதுநன்மைக்குக் காக்கவைத்தார்கள். 1910-ல் பாப்பரசர் பத்தாம் பயஸ் அதை மாற்றி, ஏழு வயதை ஒட்டி விவரம் தெரிந்தால் போதும், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்தால் கொடுக்கலாம் என்றார். முழுதாக விளங்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள்?

தூக்கம் வராததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. போட் கரை சேரும்வரை அது வராது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். இன்று ராத்திரி அவள் செபம் சொன்னதும், அவள் காதில் விழுகிற மாதிரி உங்கள் பயத்தையும் அதே பேச்சில் சொல்லுங்கள். "எனக்கும் பயமா இருக்கு, உறங்கப்பிடாது கேட்டியா" என்றால் போதும்.

அவர் வந்து இறங்கியதும் இரண்டு வரி எழுதுங்கள். அன்று ராத்திரி அவள் ஏசப்பாவிடம் என்ன சொன்னாள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அண்ணன்