வாசகர் கேள்வி – பதில்: பேட்டை வரலாறு எழுத வருகிறவர்களுக்கு

வட்டார வரலாற்று ஆய்வில் இறங்க நினைப்பவர்கள் வட சென்னையிலிருந்து அனுப்பிய கேள்விகள் இந்த முறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

வியாசர்பாடி வாசகி: பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பேராசிரியராகி எங்கள் பகுதி வரலாற்றை எழுத ஆசை. ‘சம்பளம் எப்போது வரும்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லிவிடுங்கள். எம்.ஏ. இரண்டு ஆண்டு. பிஎச்.டி.க்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. ஆவணக் கட்டுகளைப் புரட்டி எழுத வேண்டிய ஆய்வை மூன்றாண்டில் முடிப்பவர்கள் அபூர்வம். ஐந்து என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கைக்குப் பணம் வர வழி, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குவது. முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, 300 மதிப்பெண். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியைக்கூட வெற்றாக விடக் கூடாது.

பலர் சறுக்குவது வேறொரு இடத்தில். ஜேஆர்எஃப் இல்லாமல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தினால் அது ஓராண்டுக்குத்தான் செல்லும். தேர்ச்சி பெற்றுவிட்டு ‘நல்ல கைடு கிடைக்கட்டும்’ என்று உட்கார்ந்திருந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான். எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே கைடு தேடத் தொடங்குங்கள். ஓர் உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு ஆய்வாளர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, பேராசிரியருக்கு எட்டு. இடம் காலியா என்பதே முதல் கேள்வி.

அரசுக் கல்லூரிப் பணிக்கான அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. எம்.ஏ.வோடு பி.எட். முடித்து வைத்திருந்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு கைவசம் இருக்கும். அதைத் தோல்விக்கான ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். வீட்டாரின் கேள்விக்கு அதுதான் நேர்மையான விடை.

தண்டையார்பேட்டை வாசகர்: ‘வட சென்னை வரலாறு, 1639 முதல் இன்று வரை’ என்று தலைப்புக் கொடுத்தேன். கைடு இரண்டு முறை திருப்பிவிட்டார். எங்கள் பகுதியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்ற காரணம் போதாதா?

போதாது. கைடு செய்தது சரி.

முதலில், யாரும் எழுதவில்லை என்பதே உண்மையில்லை. பெரம்பூரின் பின்னி ஆலைகள், 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 வேலைநிறுத்தம், அதையொட்டிய புளியந்தோப்புக் கலவரம் பற்றியெல்லாம் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது, ‘வட சென்னை’ என்று இன்று நாம் சொல்வது பழைய கோப்புகளில் ஒரே தலைப்பின் கீழ் இல்லை. திருவொற்றியூர் 2011-ல்தான் மாநகராட்சிக்குள் வந்தது. அதன் பழைய வருவாய் ஆவணங்களைச் செங்கல்பட்டு மாவட்டக் கட்டுகளில் தேட வேண்டும். ராயபுரமோ நகர எல்லைக்குள் இருந்தது. இரண்டையும் ஒரு தலைப்பில் கட்டினால் பாதி ஆய்வுக் காலம் எல்லைகளை விளக்குவதிலேயே போய்விடும்.

தலைப்பை வைத்துக்கொண்டு ஆவணம் தேடாதீர்கள். தொடர்ச்சியாகக் கிடைக்கும் ஓர் ஆவண வரிசையைக் கண்டுபிடித்து, அதற்குள்ளிருந்து கேள்வியை எடுங்கள். உதாரணம்: 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கொக்ரேன் கால்வாய். 1877–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பிறகு, கவர்னர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் அதில் படகேறி வந்தன. பேசின் பிரிட்ஜ் என்ற பெயரிலுள்ள பேசின் அந்தப் படகுத் துறைதான். சால்ட் கொட்டார்ஸ் என்பதும் நம் உப்புக் கொட்டாரமே. ஆங்கில வேஷம் போட்டுக்கொண்டு ரயில்வே சரக்கு நிலையமாக நிற்கிறது. ‘ரயில் வந்த பிறகும் வட சென்னைக்கு விறகு ஏன் படகிலேயே வந்தது?’ என்று கேட்டால் அது ஆய்வுக் கேள்வி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1. ஆகவே காலத் தொடக்கம் தானாகவே அமைகிறது. பொதுப்பணித் துறை, உப்புத் துறை, வருவாய் வாரியம் என்று பார்க்க வேண்டிய தொடர்களும் தெளிவாகிவிடுகின்றன.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கைடு அல்லது துறைத் தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். முதல் வாரம் கோப்பே கேட்காதீர்கள். ஆண்டுவாரி அட்டவணைத் தொகுதிகளை மட்டும் புரட்டி, பொருத்தமான பதிவுகளை எழுதி வாருங்கள். கோரிக்கைச் சீட்டில் அரசாணை எண்ணை மட்டும் எழுதினால் கோப்பு வராது. ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணிடும். துறை, தேதி இரண்டும் வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் வரும் எம்எஸ், ஆர்டி போன்ற எழுத்துகளையும் விடக் கூடாது, அவை வெவ்வேறு வரிசைகள்.

அட்டவணையில் ‘திருவொற்றியூர்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ‘டிரிவட்டூர்’ என்று பாருங்கள். ஒரே ஊருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். ஆய்வின் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் சேர்த்து வாருங்கள். வருவாய் ஆவணங்களில் ஆண்டு, வருவாய்க் கணக்காண்டான பசலியில் இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஆனால் பசலி ஜூலையில் தொடங்குகிறது. பசலி 1331 என்றால் 1921 ஜூலை முதல் 1922 ஜூன் வரை. வெறுமனே 1921 என்று எழுதிவிட்டு வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சில சீட்டுகள் ‘பிரிட்டில்’ என்று எழுதித் திரும்பி வரும். தாள் தொட்டால் உதிரும் நிலை என்று பொருள். சண்டை போட்டுப் பயனில்லை. அதே நடவடிக்கைக் குறிப்பின் அச்சுப்படி வேறு தொடரில் இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னை அரசின் நடவடிக்கைகளுக்கு ஒரு படி லண்டனுக்குப் போனது. அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. குறிப்பெடுக்கப் பென்சில்தான். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் துறை, எண், தேதி, பக்கம் நான்கையும் எழுதிய பிறகே உள்ளடக்கத்தைத் தொடங்குங்கள். நான்காம் ஆண்டில் ஓர் அடிக்குறிப்புக்காக எழும்பூருக்கு மறுபடி பஸ் ஏறுவது எவ்வளவு எரிச்சல் என்பது அப்போது தெரியும்.

திருவொற்றியூர் வாசகர்: எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் படம் எடுத்திருக்கிறேன். புதிய கண்டுபிடிப்பாக வெளியிடலாமா?

பொறுங்கள். ஆதிபுரீசுவரர் கோயில் கல்வெட்டுகள் தொல்லியல் துறையினர் நூறாண்டுக்கு முன்பே படியெடுத்தவை. 1912-ஆம் ஆண்டின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் நிறைய உள்ளன. இலக்கணம் கற்பித்த வியாகரணதான மண்டபம் பற்றியதும் அந்தக் கோயிலில்தான். உங்கள் படத்தின் முதல் வரியை ஆண்டறிக்கைப் பட்டியலோடும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளோடும் ஒப்பிட்ட பிறகே ‘புதிது’ என்ற சொல்லை எடுக்கலாம்.

படிப்பதில் வழக்கமான வழுக்கல்கள்: சோழர் காலக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே ஆட்பெயர், ஊர்ப்பெயர்களை ஒரே பார்வையில் முடிவு செய்யக் கூடாது. காலம் கணிப்பதும் அப்படித்தான். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி இல்லாமல் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் எந்தப் பரகேசரி என்பதை எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்), ஆட்பெயர், அதிகாரி பெயர் வைத்தே தேட வேண்டும். மன்னர் தெரிந்துவிட்டால் கணக்கு எளிது: முதலாம் இராசேந்திரன் 1012-ல் பட்டத்துக்கு வந்தான், 31-ஆவது ஆட்சியாண்டு என்றால் 1042–43. பட்டமேற்ற ஆண்டே முதலாண்டு என்பதால் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், எண்ணெய், மாவு எதையும் பூசாதீர்கள். சாயங்காலம் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுப்பதானால் கோயில் செயல் அலுவலரிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதும் அவசியம்.

புளியந்தோப்பு வாசகர்: தாத்தாவும் அப்பாவும் பின்னி மில் தொழிலாளிகள். பேட்டிகளை மட்டும் வைத்து ஆய்வேடு எழுத முடியுமா?

எழுதலாம்; ‘மட்டும்’ என்பதை எடுத்துவிட்டால். ஆலை 1996-ல் மூடப்பட்டது. கடைசியாக வேலை பார்த்தவர்களே இப்போது முதியவர்கள், ஆகவே பேட்டியை நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ஆனால் 1921 வேலைநிறுத்தம் பற்றி அவர்கள் சொல்வது கேட்ட கதை, கண்டது அல்ல. இரண்டையும் பதிவிலேயே பிரித்துக் குறியுங்கள். கேட்ட கதைக்கும் மதிப்பு உண்டு: அது மூன்று தலைமுறையாக எப்படிச் சொல்லப்பட்டது என்பதற்குச் சாட்சி.

‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் தப்பாகத்தான் வரும். ‘அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எம்.ஜி.ஆர். முதலமைச்சரா?’ என்று கேளுங்கள், ஆண்டு பிடிபடும். கேட் பாஸ், சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, சங்க ரசீது இருந்தால் மேசையில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். பொருள் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி வரும்.

1921-ல் வேலைக்குப் போன ஆதிதிராவிடத் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் நின்ற மற்றவரும் எதிரெதிரே நின்றார்கள். அந்தத் தழும்பு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. டீக்கடையில் நாலு பேரை வைத்துப் பேட்டி எடுத்தால் எல்லோரும் பூசி மெழுகிவிடுவார்கள். தனித்தனியே, இரு தரப்பிலும் எடுங்கள். உங்கள் சொந்த வீட்டுப் பேட்டியைக் கடைசியில் வையுங்கள். முதலில் எடுத்தால் மற்றவர்களிடம் கேட்கும் கேள்வியெல்லாம் அப்பா சொன்னதைச் சரிபார்க்கும் கேள்வியாகிவிடும். பிறகு, அன்றைய அரசு ரகசியமாகத் தயாரித்த தமிழ்ப் பத்திரிகைச் சுருக்க அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வேவ் (.wav) ஒலிக்கோப்பாகப் பதியுங்கள். தேதி, இடம், பெயர் மூன்றும் ஒலியிலேயே தொடக்கத்தில் இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். இருபது பேட்டி என்றால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். ‘இட்டாந்தாங்க’ என்றது ‘அழைத்து வந்தார்கள்’ ஆகிவிட்டால் ஆதாரம் போயிற்று. பெயரைப் போடலாமா என்ற சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்கி வையுங்கள்.

ராயபுரம் வாசகி: டச்சு, பாரசீகம் எல்லாம் தெரிந்தால்தான் ஆய்வு செய்ய முடியுமா?

பழவேற்காடு என்றால் டச்சு, ஆற்காட்டு நவாபு என்றால் பாரசீகம். 19, 20-ஆம் நூற்றாண்டு ராயபுரத்துக்குத் தமிழும் ஆங்கிலமும் போதும். தெலுங்கு படிக்கத் தெரிந்தால் கூடுதல் லாபம்.

கொருக்குப்பேட்டை வாசகர்: கட்டுரையை ஒரே வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லி ஓர் ஆய்விதழ் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். ஒரு வாரத்தில் யாரும் படித்து மதிப்பிட முடியாது. 2022 விதிகளின்படி ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிடுவது யுஜிசி தரப்பில் கட்டாயமில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டதால், ‘கேர் இதழ்’ என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் தமிழ்நாட்டு வரலாற்றுப் பேரவையில் உறுப்பினராகி, ஆண்டு மாநாட்டில் ஒரு கட்டுரை வாசியுங்கள். கேள்வி கேட்கிறவர்களில் ஒருவர் பிற்பாடு உங்கள் வைவாவுக்கு வர வாய்ப்புண்டு.