1950களின் பாணியில் கவுன் தைக்க எந்த பேட்டர்ன், எந்தத் துணி?

முதல் தடவை தைக்கிறேன், கொழும்பு வெயிலுக்கும் ஒத்துவர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட உதவும் காகித அச்சு. உறையில் உள்ள சைஸ் எண்ணை நம்பவே வேண்டாம். 1950களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க பேட்டர்ன்களில் சைஸ் 14 என்றால் மார்புச் சுற்றளவு 32 அங்குலம். இன்றைய சிம்ப்ளிசிட்டி நிறுவனப் பேட்டர்னில் அதே 14க்கு 36 அங்குலம். அதனால் அளவு நாடாவை எடுத்து உங்கள் மார்பு, இடுப்பு அளவைப் பார்த்தே வாங்குங்கள்.

1947இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் டியோர் கொண்டுவந்த சிறுத்த இடுப்பு, விரிந்த பாவாடைதான் அந்தக் காலத்து அழகு. முழங்கால் தாண்டும் முழு வட்டப் பாவாடைக்கு, 45 அங்குல அகலத் துணியில் பாவாடைக்கு மட்டுமே 3 யார் (கெஜம்) அளவுக்கு மேல் போகும். முதல் கவுனுக்கு அரை வட்டமே போதும். வெட்டுவது சுலபம், செலவும் குறைவு.

துணிக்குப் புறக்கோட்டை போங்கள். கெய்சர் வீதிக் கடைகளில் கையால் தொட்டு, கசக்கிப் பார்த்து வாங்கலாம். என் தெரிவு பருத்தி பொப்ளின்தான். விறைப்பாக நிற்கும், வியர்வையையும் உறிஞ்சும். வொயில் என்ற மெல்லிய துணி குளிர்ச்சி, ஆனால் உள்ளே லைனிங் வேண்டும். பொலியெஸ்டர் சாட்டின் படத்தில் நன்றாக இருக்கும். ஏப்ரல் வெயிலில் உடுத்தவே முடியாது.

பருத்தி சுருங்கும், ஆகவே வெட்டுமுன் தோய்த்துக் காயவைத்து அயர்ன் பண்ணுங்கள். அப்புறம் பழைய படுக்கை விரிப்பில் மேற்சட்டைப் பகுதியை மட்டும் தைத்துப் போட்டுப் பாருங்கள். தோளும் இடுப்பும் சரியாக உட்கார்ந்த பிறகு நல்ல துணியில் கத்தரிக்கோலை வையுங்கள்.