வீடு வளவு வாங்க, விற்க: கேள்வி பதில்

இலங்கையின் வடக்கில் உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணிகளைப் பற்றி மட்டும் கேளுங்கோ. வழக்கு நடந்துகொண்டிருந்தால் உங்கட அப்புக்காத்திடமே (வழக்கறிஞரிடமே) போங்கோ.

கோண்டாவில்: வளவு ஒன்று பேசி முடிஞ்சுது. விற்பவர் உறுதியைக் காட்டினார், எல்லாம் சரிபோல கிடக்கு. வேறு என்ன பார்க்க வேணும் ஐயா?

உறுதியில் இருப்பது அது எழுதின நாளின் கதை. அதுக்குப் பிறகு நடந்தது காணிப் பதிவகத்துப் பதிவேட்டில் இருக்கு. உறுதியில் பதிவு முத்திரையோடு பதிவேட்டு இலக்கம் குறிச்சிருக்கும். அதைக் கொண்டுபோய்த் தேடுதலுக்கு விண்ணப்பியுங்கோ. குறைஞ்சது 30 வருசம் பின்னோக்கிப் பாருங்கோ. ஈடு, ஒற்றி (காசு திரும்புமட்டும் காணியை ஆளக் கொடுக்கிற ஈடு), சீவிய உரித்து, நிலுவையில் உள்ள வழக்கு, நீதிமன்றப் பறிமுதல் இவ்வளவும் அங்கதான் தெரியும். தாய் மகனுக்கு நன்கொடை எழுதி சீவிய உரித்தைத் தனக்கு வைச்சிருந்தால், மகன் விற்றாலும் தாய் இருக்குமட்டும் உங்களுக்கு வீட்டுக்குள் போக முடியாது.

பிறகு சேர்வேயரைக் கூப்பிட்டு அளவுங்கோ. ஒரு பரப்பு என்பது 18 குழி, அதாவது 10 பேர்ச். 16 பரப்பு ஒரு ஏக்கர். பழைய உறுதியில் வரகுப் பரப்பா நெற்பரப்பா என்று பாருங்கோ, இரண்டும் ஒரே அளவில்லை. உறுதியில் 4 பரப்பு, அளந்தால் 3 பரப்பு 9 குழி என்றால் அரைப் பரப்புக் காசு உங்கட கையால் போகுது. வேலி ஒவ்வொரு அடைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்திருக்கும். எல்லைக் கல்லைத் தேடாமல் வேலியை நம்பி அளக்கிற சேர்வேயரிடம் வேலை கொடுக்காதையுங்கோ.

கிணறு பொதுவோ என்று கேளுங்கோ. கிணற்றுப் பங்கும், அதுக்குப் போகிற வழியும், வாய்க்காலும் உறுதியின் அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேணும். 'எல்லாரும் அள்ளுறம்' என்பது உறுதி இல்லை.

கடைசியாய் ஒன்று, இதை இன்னும் இரண்டு மூன்று தரம் சொல்லுவன்: உறுதி முடிக்கிற அன்று காலமையும் ஒருக்கால் தேடுங்கோ, முடிஞ்ச கையோடு பதியுங்கோ. அதே ஆள் அதே காணியைப் பிறகு இன்னொருவருக்குக் காசுக்கு எழுதி, அந்த உறுதி முந்திப் பதிவானால், பதியாத உங்கட உறுதி அதுக்கு முன்னால் செல்லாமல் போகலாம்.

நல்லூர்: ஒரு கோடி ரூபா வீட்டுக்கு முத்திரை வரி எவ்வளவு?

முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3,000 + 396,000 = 399,000 ரூபா. உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கட்டணம் வேறு. விலையைக் குறைச்சு எழுதினால் மதிப்பீட்டில் பிடிபட்டு மிச்சத்தைக் கட்ட வேண்டி வரும்.

கொக்குவில்: வாசல் எந்தப் பக்கம் பார்த்த வீடு நல்லது?

சாத்திரியாரைக் கேளுங்கோ. அந்த வாசலுக்கு வழி உறுதியில் இருக்கோ என்றால் என்னைக் கேளுங்கோ.

சுன்னாகம்: நாலு சகோதரங்கள், பிரிக்காத வளவு. என்ர பங்கை வெளியாளுக்கு விற்கலாமா?

விற்கலாம், ஆனால் முதலில் பங்காளிகளுக்குச் சொல்ல வேணும். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்; 1947 இன் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்ளல் சட்டப்படி பங்காளிக்கும், நீங்கள் மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தால் உங்கட சொத்துக்கு உரிமை வரக்கூடியவருக்கும் முன்னுரிமை இருக்கு. அறிவித்தலை நொத்தாரிசு மூலம் எழுத்தில் செய்யுங்கோ. தேவையில்லை என்றவரிடம் அதையும் எழுதி வாங்குங்கோ. இதைச் செய்யாமல் விற்றால் பங்காளி வழக்குப் போட்டு, காசைக் கட்டி, வாங்கினவரிடமிருந்து காணியை எடுக்கலாம். விலையைக் குறைச்சு எழுதினவர்களுக்கு இங்கதான் வலிக்கும்: உறுதியில் எழுதின விலைக்கே தா என்று நிற்பார்.

மானிப்பாய்: அயல் காணிக்காரனுக்கும் உரிமை இருக்கு. அப்பு காலத்திலிருந்து எங்கட ஊரில் அப்படித்தான். நீங்கள் விட்டுட்டீங்கள்.

விடவில்லை. 1947இல் சட்டம்தான் விட்டது.

மானிப்பாய்: தேசவழமையில் அயலவர் என்று எழுதியிருக்கே?

1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் ஒல்லாந்தருக்குத் தொகுத்துக் கொடுத்ததில் இருக்கு, அதுவும் ஒற்றி பிடிச்சிருந்த அயலவரைச் சொல்லித்தான். 1947க்குப் பிறகு அந்த வரியை வைச்சு வழக்கு வெல்ல முடியாது.

உரும்பிராய்: அவர் சொல்லுறதும் நியாயம்தானே. பக்கத்துக்காரனுக்குச் சொல்லாமல் வித்தால் ஊரில் என்ன பேர் வரும்?

பேரைப் பற்றி நான் பேசவில்லை. சொல்லுங்கோ, நல்லது. சொல்லாவிட்டாலும் உறுதி கெடாது என்பதுதான் பதில்.

மானிப்பாய்: பிறகேன் எங்கட ஊர் நொத்தாரிசு அயலவரிடம் கையெழுத்துக் கேட்டவர்?

எல்லைத் தகராறு வராமலிருக்க. அயலவரின் ஒப்பம் எல்லைக்கு, பங்காளியின் ஒப்பம் முன்னுரிமைக்கு. இத்தோடு விடுவம், மிச்சம் பேர் காத்திருக்கினம்.

இணுவில்: சீதன வீடு மனைவி பெயரில். அவவே விற்கலாமா?

தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டப்படி கணவனின் எழுத்து மூல சம்மதம் வேணும். சாதாரணமாய் அதே உறுதியில் சம்மதிப்பவராய் அவரும் ஒப்பம் வைப்பார். நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். வளர்ந்த பெண்ணைப் பராயமடையாதவள்போல நடத்துகிற விதி, மாற வேண்டியது. மாறுமட்டும் வாங்குகிறவர் ஒப்பத்தைப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேணும்.

ரொறன்ரோ: நான் கனடாப் பிரசை. வீடு வாங்கலாமா? எனக்காக ஒப்பமிடத் தம்பிக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பட்டோ?

2014 இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் தடை இல்லை. பெற்றோரிடமிருந்து மரபுரிமையாயோ நன்கொடையாயோ வந்தால் அதுவும் சரி. தம்பியின் பெயரில் உங்கட காசில் வாங்கினால் காணி தம்பியுடையது, பிறகு அழக்கூடாது.

தத்துவத்தை இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு, இங்க பதிய வேணும். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிஞ்சுது. தத்துவக்காரரிடம் வாங்குகிறவர்களுக்கு: உறுதி முடிக்கிற அன்று உரிமையாளரைத் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுங்கோ.

சாவகச்சேரி: அட்வான்ஸ் பத்து இலட்சம் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தன். அவர் இப்ப வேறு ஆளுக்கு விற்கப் போறார்.

1840 இன் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணியை விற்கிற உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு முடிக்க வேணும். வெள்ளைத்தாளை வைச்சு விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. காசைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே சட்டத்தரணி கடிதம் அனுப்புங்கோ.

அச்சுவேலி: உறுதி இடப்பெயர்வில் தொலைஞ்சுது.

உறுதி முடிஞ்ச மாதத்துக்கு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப வேணும். அங்க அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரர்களின் உறுதிகளைப் பார்த்துத் தேடுங்கோ.

கிளிநொச்சி: பேர்மிற் காணி வாங்கலாமா?

அது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி, விற்க பேர்மிற்காரருக்கு உரிமையே இல்லை. பிரதேச செயலகத்துக்குப் போங்கோ.

வட்டுக்கோட்டை: மாமான்ர வீட்டில் 12 வருசம் இருக்கிறம். பத்து வருசத்தில் எங்களுடையது என்கிறார்கள்.

அவர் இருக்க விட்டதால் இருக்கிறீங்கள். 1871 இன் 22ஆம் இலக்கச் சட்டம் கேட்கிற பத்து வருசம் உரிமையாளரை எதிர்த்து, விடாமல் ஆண்ட வருசம். அனுமதியோடு இருந்தது எண்ணப்படாது. போர்க்காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில், போரால் தங்கட காணிக்குப் போக முடியாமலிருந்தவர்களைக் காக்கிற 2016 இன் 5ஆம் இலக்கச் சட்டத்தை அப்புக்காத்தோடு இருந்து வாசியுங்கோ.

பருத்தித்துறை: உறுதி தொலைஞ்சுது, என்ன செய்ய?

அச்சுவேலிக்குச் சொன்னதைப் படியுங்கோ.

கோப்பாய்: உறுதி முடிச்சு மூன்று மாதம், பதிவு செய்யவில்லை. பிரச்சினையோ?

நாளைக் காலமை நொத்தாரிசிடம் போய் ஏன் பதியவில்லை என்று கேளுங்கோ. பதிஞ்ச பிறகு பதிவேட்டில் உங்கட பெயர் ஏறியிருக்கோ என்று நீங்களே போய்ப் பாருங்கோ.