வாட்ஸ்அப் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் வங்கிப் பணம் எப்படிப் போகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் முன்பு வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைப்பார்கள். இப்போது பல அழைப்புகள் வாட்ஸ்அப்பில்தான். மோசடிக்காரன் அங்கேதான் நுழைகிறான்.

உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ (.apk) என்று முடிந்தால் அது செயலி. வந்து கிடப்பதால் ஆபத்தில்லை. ‘இன்ஸ்டால்’ அழுத்தி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் வரும் வங்கியின் டேக் எண் (TAC, பணம் அனுப்புவதை உறுதிசெய்யும் ஒருமுறை எண்) அவன் கைக்குப் போய்விடும்.

அழுத்திவிட்டீர்களா? உடனே ஏரோப்ளேன் மோட் போட்டு, வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியையும் மோசடிப் புகார் எண் 997-ஐயும் கூப்பிடுங்கள். பிறகு போலீஸ் புகார். செயலியை நீக்கினால் மட்டும் போதாது. கடவுச்சொல்லை வேறு கருவியில் மாற்றுங்கள். அழுத்தியது வீட்டுப் பாட்டி என்றால் அவரைத் திட்டாதீர்கள், தயவுசெய்து. பயந்து மறைத்தால், அதற்குள் பணம் இன்னும் நாலு கணக்கு தாண்டிவிடும்.