வாசகர் கேள்விகள்: வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். கோயில் திருவிழாவில் திரை கட்டி விடிய விடியப் படம் போட்ட காலத்திலிருந்தே எனக்கு சினிமாதான் உயிர். பார்த்த படங்களைப் பற்றியெல்லாம் நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு முழுநீளக் கதைகள் தயாராக உள்ளன. அவற்றில் ஒன்று மதுரை ரவுடிகளைப் பற்றியது. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் இயக்குநராக முயலலாமா? மனைவி, ‘உங்கள் விருப்பம்’ என்கிறார். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மேலூர்.

பதில்: ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். உங்கள் ஈடுபாட்டை நான் சந்தேகிக்கவில்லை. 1952-இல் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டரின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளை நிரப்பிய ஊர் மதுரை, அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது என்றாலும், சினிமாப் பைத்தியம் என்று ஒருவரைச் சொன்னால் இந்த வட்டாரத்தில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால், நீங்கள் பார்த்த படங்களைப் பற்றியும் எழுதிய கதைகளைப் பற்றியும் சொல்லும் உங்கள் கடிதத்தில், ஒரே ஒரு காட்சியையாவது எடுத்துப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சென்னையில் உங்களுக்காகக் காத்திருப்பது இயக்குநர் நாற்காலி அல்ல. சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நான்கைந்து பேரோடு அறை எடுத்துத் தங்கி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஒருவரிடம் உதவி இயக்குநராகச் சேர்வதற்கே மாதங்கள் பல ஆகலாம். படப்பிடிப்பு நாட்களில் பேட்டா கிடைக்கும். கதை விவாதம் மட்டுமே நடக்கும் மாதங்களில் பெரும்பாலும் அதுவும் இராது. வேலையோ, கிளாப் அடிப்பது, நடிகர்களுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது, கன்டினியூட்டி எழுதுவது என்று ஓயாமல் இருக்கும். டீக்கடைக் காட்சி ஒன்றில் பாதியை இன்றும் மீதியைப் பத்து நாள் கழித்தும் எடுப்பார்கள். அன்று கிளாஸில் டீ எந்த மட்டத்தில் இருந்தது, நடிகர் அதை எந்தக் கையில் பிடித்திருந்தார், துண்டு எந்தத் தோளில் கிடந்தது, சட்டையின் மேல் பட்டன் போட்டிருந்ததா என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்க வேண்டியவர் உதவி இயக்குநர்தான். (பேரேட்டைப் பைசா பிசகாமல் எழுதிப் பழகிய உங்களுக்கு இந்த வேலை நன்றாகவே வரும் என்பது என் ஊகம்.)

அதற்கு முன்னால், இருக்கிற இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். நகைக்கடன் வாங்க ஒரு பெண் வருகிறாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றை மாற்றிக்கொண்டு, சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறாள். மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு எடை போடுகிறார். அவளுடைய பார்வையோ தராசின்மேல் இல்லை, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருக்கும் கணவன்மேல் இருக்கிறது. நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கக்கூடிய இந்தக் காட்சியை, தெரிந்தவர்களை நடிக்கவைத்து, ஒரு விடுமுறை நாளில், வசனமே இல்லாமல் ஐந்து நிமிடப் படமாகக் கைப்பேசியில் எடுத்து, நீங்களே எடிட் செய்யுங்கள். முதலில் கணவனைக் காட்டுவதா, சங்கிலியைக் காட்டுவதா என்ற ஒரு கேள்விக்கு விடை காண்பதற்குள் உங்கள் நோட்டுகளில் உள்ள பல முடிவுகளை மாற்றிக்கொள்வீர்கள். எடுத்ததை உங்கள் நண்பர்களிடம் மட்டும் காட்டித் திருப்தி அடையாதீர்கள். ‘மறுபக்கம்’ அமைப்பு 1998 முதல் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா மதுரையிலேயே நடக்கிறது. அங்கே போய் மற்றவர்கள் எடுத்தவற்றையும் பாருங்கள்.

ரவுடிக் கதையைக் கொஞ்ச காலம் பரணில் போட்டு வையுங்கள். மதுரை என்றாலே அரிவாள் என்று எடுத்துத் தள்ளியவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். உங்கள் மேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த பி.எஸ். வினோத்ராஜ், தன் சகோதரிக்கு நேர்ந்த ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, வெயிலில் காய்ந்து கிடக்கும் அந்த நிலத்தில் ஒரு தகப்பனும் மகனும் நடந்து செல்வதையே ‘கூழாங்கல்’ என்ற படமாக எடுத்தார். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதற்கு டைகர் விருது கிடைத்தது.

இப்படி இரண்டு மூன்று குறும்படங்கள் கையில் சேர்ந்த பிறகு, சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஒரு படப்பிடிப்பில் வேலை செய்து பாருங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களில் படப்பிடிப்புக்குக் குறைவில்லை. அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால், ஓராண்டுக் குடும்பச் செலவுக்கான பணத்தை மனைவியின் கணக்கில் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். ‘உங்கள் விருப்பம்’ என்று அவர் சொல்வதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம், உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவின் கோபம், மாதச் செலவுக்கு வழி இருக்கிறது என்று தெரிந்தால் பாதியாகக் குறையும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். இயக்கம் படிக்க ஆசை. ‘பெண் பிள்ளைக்கு எதற்கு சினிமாப் படிப்பு’ என்கிறார் அப்பா. எங்கே படிக்கலாம்?
– மாணவி, திருநகர்.

பதில்: சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள தமிழக அரசின் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். பிளஸ் டூ முடித்தவுடன் விண்ணப்பிக்க முடியும். 1960-இல் தொடங்கிய புனே நிறுவனத்திலும், 1995-இல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்திலும் இயக்கம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். அப்பாவிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள்: டி.பி. ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கியது 1936-இல், பி.ஆர். விஜயலட்சுமி தமிழ்ப் படங்களில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றத் தொடங்கியது எண்பதுகளில். அரசு நிறுவனம், அரசுக் கட்டணம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு இன்னும் சுலபமாகும்.

கேள்வி: தயாரிப்பாளரிடம் கதை சொன்னால் திருடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன பாதுகாப்பு?
– வாசகர், உசிலம்பட்டி.

பதில்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வெறும் கருத்தைப் பாதுகாப்பதில்லை, எழுதி வைத்த வடிவத்தையே பாதுகாக்கிறது. ‘பேரனைத் தேடி ஊர் ஊராக அலையும் தாத்தா’ என்ற ஒருவரிக் கதைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. எனவே, காட்சி காட்சியாக வசனத்தோடு முழுத் திரைக்கதையையும் எழுதி முடித்துவிட்டுக் கதை சொல்லப் போங்கள். எழுதியவுடனேயே உரிமை உங்களுடையதாகிவிடும். ஆனாலும் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பின்னால் வழக்கு என்று வரும்போது அது சான்றாக உதவும். கதை சொல்லிவிட்டு வந்த அன்றே, இன்ன தேதியில் இன்ன தலைப்பில் உங்களிடம் கதை சொன்னேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று தயாரிப்பாளரின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள்.