மாட்டெராசி: அந்த முட்டுக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இத்தாலியக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் மார்கோ மாட்டெராசிக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்ஸின் ஜிடேனைச் சீண்டி, அவர் தலையால் நெஞ்சில் முட்டு வாங்கியதைத் தவிர அவர் என்ன சாதித்தார்? மால்தினி, நெஸ்டா பெயர்களோடு அவரையும் சொல்வது அநியாயம் இல்லையா?

வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

நெஸ்டாவுக்கு நிகர் என்று நான் எழுதவில்லை. நெஸ்டாவுக்குக் காயம் படாமல் இருந்திருந்தால், 2006 உலகக் கோப்பையை மாட்டெராசி பெஞ்சில் உட்கார்ந்தே கழித்திருப்பார். செக் குடியரசுடனான ஆட்டத்தில் நெஸ்டா வெளியேற, மாற்றாக இறங்கியவர் தலையால் ஒரு கோல் போட்டார். அடுத்த ஆட்டத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, சிவப்பு அட்டை. இரண்டும் சேர்ந்ததுதான் ஆள்.

பிரான்சுக்கு எதிரான பெர்லின் இறுதியாட்டத்தை முழுதாகப் பாருங்கள். 7-ஆவது நிமிடத்தில் மலூடாவை வீழ்த்தியதாகப் பெனால்டி கொடுக்கப்பட்டது மாட்டெராசியால்தான். ஜிடேன் அதை மேல்கம்பத்தில் பட்டு உள்ளே விழும்படி தூக்கி அடித்தார். 19-ஆவது நிமிடத்தில், பிர்லோவின் கார்னருக்கு வியெராவின் தலைக்கு மேல் எழும்பிச் சமன் செய்தவரும் இவரே. 110-ஆவது நிமிடத்து முட்டு ஊரறிந்த கதை. ஆனால் அதற்குப் பிறகு பெனால்டி ஷூட்-அவுட்டில் இத்தாலிக்காக இரண்டாவதாக வந்து கோல் அடித்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

சிசிலியின் கீழ்நிலை லீக்குகளில் கிடந்து மேலே வந்தவர். 2000-01இல் பெருஜியா அணிக்காக 12 கோல் அடித்து, இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஏ-யில் தடுப்பாட்டக்காரர்களுக்கான அர்ஜென்டினா வீரர் பசரெல்லாவின் கோல் சாதனையை முறியடித்தார். அதில் பெனால்டிகளும் உண்டுதான். அடிக்கத் தெரிந்தவரிடம்தானே பந்தைக் கொடுப்பார்கள்!

அவரை நல்லபிள்ளையாக்க நான் வரவில்லை. 2004இல் சியனா வீரர் சிரில்லோவை அடித்து இரண்டு மாதத் தடை வாங்கியவர். ஜிடேனின் சகோதரியைப் பற்றி ஆபாசமாகப் பேசியதைப் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். அதற்குச் சமாதானம் கிடையாது.

சரி, சென்னைக்காரரான நீங்கள் நேரு ஸ்டேடியத்தை எப்படி மறந்தீர்கள்? 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஆடும் ‘சென்னையின் எஃப்சி’ அணிக்குப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். யாருடைய காயத்தால் தமக்கு இடம் கிடைத்ததோ, அந்த நெஸ்டாவையே அழைத்துவந்து ஆடவைத்தார். மறு ஆண்டு அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. டிசம்பர் வெள்ளத்தால் சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது; அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். இறுதியில் 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்து, கோவாவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று தோற்கடித்தார்கள். சென்னைக்கு வந்த முதல் ஐஎஸ்எல் கோப்பை அது. சாதனைக் கணக்கில் அதைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா?