ஒளி கூடும், கழியாது (கடிதம்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது தொழில். வேலை இல்லாத நாட்களில் அரூபப் படங்கள் முயன்று பார்க்கிறேன். பனங்காட்டில் கேமராவை ஆட்டி எடுப்பது, ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுவது, இப்படி. பெரும்பாலும் சாம்பல் பூத்ததுபோல வெளுத்துப் போகிறது. போன வாரம் நண்பரின் 10 ஸ்டாப் என்டி ஃபில்டரை (லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி, வெளிச்சத்தைப் பத்து தடவை பாதிபாதியாகக் குறைப்பது) வாங்கிக்கொண்டு பணகுடிப் பக்கம் போனேன். சாயங்காலம், சூரியனைப் பார்த்து நின்று, காற்றாலைக் காத்தாடிகளை 8 விநாடி எடுத்தேன். இறக்கையையே காணோம். தூண் மட்டும் நிற்கிறது.

அந்த ஃபில்டரைச் சொந்தமாக வாங்கலாமா? மிக நெருங்கி எடுக்க மேக்ரோ லென்ஸ் அவசியமா? போட்டோஷாப்பில், அசைந்ததுபோலத் தேய்த்துக் காட்டும் மோஷன் ப்ளர் போட்டால் இதே பலன் வராதா? ஸ்டுடியோவில் படத்தைக் காட்டினால் “கை ஆடிப்போச்சோலே” என்று சிரிக்கிறார்கள். இதெல்லாம் கலைதானா அண்ணாச்சி?

கே.

அன்புள்ள தம்பி,

கலைதானா என்ற கேள்வியை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்ற புகைப்படக்காரர் 1917-லேயே மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி, அதன் வழியாகப் படிகத் துண்டுகளையும் மரத் துண்டுகளையும் படம் எடுத்துவிட்டார். நூறு வருஷத்துக்கு மேலான வழக்கு அது. ஸ்டுடியோவில் சிரிக்கிறவர்களுக்காக நீங்கள் அதைத் திரும்ப நடத்த வேண்டாம். சிரிக்கட்டும்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் காணாமல் போன இறக்கை. கொஞ்ச நாளாகவே மனசில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை அந்த ஒரு வரி தொட்டுவிட்டது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் குறைந்தால்தான் பயம். ஃப்ளாஷ் வாங்குகிறார்கள், எல்இடி பேனல் வாங்குகிறார்கள், அது போதாதென்று சாஃப்ட்பாக்ஸ். கல்யாண மேடைக்கு அது சரி. நீங்கள் இப்போது இறங்கியிருக்கும் வேலையில் தட்டுப்பாடு கறுப்புக்குத்தான், வெளிச்சத்துக்கு இல்லை.

கேமராவின் கதவான ஷட்டர் திறந்திருக்கும் வரை, படம் பதியும் சென்சார் ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகும். சேர்ந்ததைத் திருப்பிக் கொடுக்காது. சொதியில் விழுந்த உப்பு மாதிரி: கூடுமே தவிரக் கழியாது. கறுத்த பொருள் எத்தனை நேரம் கேமராவுக்கு முன்னால் ஓடினாலும் படத்தில் எதையும் எழுதாது. வெளுத்த பொருள் ஒரு நொடி வந்து போனாலும் எழுதிவிட்டுத்தான் போகும். உங்கள் கடிதத்தில் உள்ள தோல்வி எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் காரணம்.

காத்தாடிக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுற்றளவு ஏறக்குறைய 126 மீட்டர். இறக்கை அந்த இடத்தில் 2 மீட்டர் அகலம் என்றால் மூன்றும் சேர்ந்து 6 மீட்டர். அதாவது 100-க்கு 5 பங்கு நேரம்தான் இறக்கை அந்தப் புள்ளியை மறைக்கிறது. மீதி 95 பங்கும் வானம். நீங்கள் நின்றது சாயங்காலம், சூரியனுக்கு எதிரே. இறக்கை கறுப்பு, வானம் வெளிச்சம். 8 விநாடி முடிந்தபோது வானத்தின் வெளிச்சத்தில் 5 சதவீதம் குறைந்திருக்கும். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. உங்கள் ஃபில்டரில் கோளாறு எதுவும் இல்லை.

இதையே புரட்டிப் போடுங்கள். ஆனி, ஆடியில் காலை 7 மணிக்கு அதே பணகுடிக்குப் போங்கள். மேற்கே மகேந்திரகிரி மேல் மேகம் கறுத்துக் கிடக்கும். சமவெளியில் வெயில் அடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வருவதால் காத்தாடிகள் மேற்கு பார்த்து நிற்கும். நீங்கள் கிழக்கே, சூரியனை முதுகுக்கு வைத்து நின்றால் இறக்கைகளின் பின்பக்கம் முழு வட்டமாகத் தெரியும், வெயிலும் அதில்தான் விழும். மேகத்தின் வெளிச்சம் 1 என்றால் வெயில் பட்ட வெள்ளை இறக்கை அதைவிட 4 ஸ்டாப் கூடுதல், ஒரு ஸ்டாப்புக்கு இரண்டு மடங்கு என்பதால் 16 என்று வைப்போம். மேகத்தின் பங்கு 0.95. இறக்கையின் பங்கு 0.05 பெருக்கல் 16, அதாவது 0.8. மொத்தம் 1.75. அதே 5 பங்கு நேரம்தான். ஆனால் இப்போது முக்கால் ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் காட்டி, கறுத்த மேகத்தில் வெண்ணிற வட்டமாக நிற்கும்.

இதற்கு 8 விநாடி எதற்கு? முதலில் ஓர் இறக்கையைக் குறிவைத்து, அது ஒரு சுற்று வர எத்தனை விநாடி என்று கைபேசியில் பாருங்கள். காத்தாடிக்குக் காத்தாடி வேகம் மாறும். சின்னவை பெரியவற்றைவிட வேகமாகச் சுற்றும். 4 விநாடிக்கு ஒரு சுற்று என்றால் விநாடிக்கு 90 பாகை. 1/4 விநாடியில் ஒவ்வொரு இறக்கையும் 22 பாகை விசிறியாக விரியும். 1.3 விநாடியில் 120 பாகை நகர்ந்து, அடுத்த இறக்கை புறப்பட்ட இடத்தைத் தொட்டுவிடும். வட்டம் ஒட்டுத் தெரியாமல் நிரம்பும். 2 விநாடி வைத்தால் சில துண்டுகளில் ஓர் இறக்கையும் சில துண்டுகளில் இரண்டும் ஓடியிருக்கும். வட்டம் அடர்த்தியும் வெளிறலுமாக ஆறு துண்டாகப் பிரியும். அதுவும் அழகுதான், வேண்டுமென்று செய்தால். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, அசையாமல் நிற்கும் வெள்ளைத் தூணுக்கு வையுங்கள். வெளுத்துப் போகும் ஆபத்து வட்டத்துக்கு இல்லை, தூணுக்குத்தான். ஆடிக் காற்றில் ட்ரைபாடின் நடுக் கம்பியை உயர்த்தாதீர்கள். கேமரா வாரைத் தொங்கவும் விடாதீர்கள். படபடவென்று அடித்து எல்லாவற்றையும் ஆட்டிவிடும். காற்றாலை வளாகத்துக்குள்ளே போகிறீர்கள் என்றால் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஃபில்டர் கேட்டீர்கள் அல்லவா, 10 ஸ்டாப் வேண்டாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, எஃப்/16 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சுருங்கும்) வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/125 விநாடி. 10 ஸ்டாப் போட்டால் அது 8 விநாடி ஆகிவிடும். அருவியைப் பாலாக்க உதவும், உங்களுக்கு உதவாது. 6 ஸ்டாப், என்டி 64 என்று விற்பது, ஒன்று போதும். எஃப்/11-இல் 1/250 இருந்தது 1/4 ஆகும். எஃப்/22-இல் 1 விநாடி கிடைக்கும், காலை வெயிலின் மென்மைக்கு அதுவே 1.3 வரை போகும். திருகி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டி மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். கடைசி முனைக்குத் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல ஒரு கறுப்பு விழும். எஃப்/22-க்கு மூடும்போது இன்னொரு தொல்லை: சென்சாரில் ஒட்டிய தூசி புள்ளிபுள்ளியாகத் தெரியும். கேமராவை ஆட்டினால் காட்சி கரையும், தூசி கரையாது, அது சென்சாரோடேதான் போகிறது. வழுவழுப்பான தீற்றல் நடுவே அம்மைத் தழும்பு மாதிரி நிற்கும். காற்றுக் காலத்தில் வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

இனி ஆட்டி எடுப்பது. உங்கள் பனங்காட்டுப் படங்கள் எப்படியிருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். கண்டபடி ஆட்டியிருப்பீர்கள். தம்பி, கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே கேமராவை நகர்த்தினால் கோடு பிழைக்கும், மட்டை கரையும். குறுக்கே நகர்த்தினால் கோடு சாகும். பனைக்கு மேலும் கீழும். அம்பாசமுத்திரம் வயலுக்கு இடமும் வலமும்: வரப்பு, நாற்றின் பச்சை, மலை, வானம் எல்லாம் படுக்கைப் பட்டைகளாக அடுக்கிக்கொள்ளும். பனைக்கு வெள்ளை வானம் பின்னால் இருந்தால் குறுக்கே ஒரு விரலளவு நழுவினாலும் வெளிச்சம் தண்டைத் தின்றுவிடும், காரணம் மேலே சொன்னதுதான். அதனால் பனையை வானத்தில் வைக்காதீர்கள். பின்னால் இன்னொரு பனை வரிசையோ நிழல் பட்ட கரையோ இருக்கிற இடமாகப் பாருங்கள், தண்டில் பக்கவாட்டு வெயில் விழட்டும்.

கேமராவோடு வரும் கிட் லென்ஸை 35 மி.மீ.-இல் வைத்தால் அது சிறிய சென்சார் கேமராவில் அகலவாக்கில் சுமார் 37 பாகை பார்க்கும். விநாடிக்கு 20 பாகை வேகத்தில் திரும்பினால் 1/4 விநாடியில் 5 பாகை, படத்தின் ஏழில் ஒரு பங்கு. வயலுக்கு அது சரியான அளவு. கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் இமேஜ் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் கையோடு மல்லுக்கட்டிப் பட்டையின் விளிம்பைப் புழுப்போல நெளிய வைக்கும். கை நகரத் தொடங்கிய பிறகு ஷட்டரை அழுத்துங்கள், ஷட்டர் மூடிய பிறகு கையை நிறுத்துங்கள். நின்ற நிலையில் தொடங்கினால் தொடக்கத்திலும் முடிவிலும் பனையின் உருவம் அச்சுப்போல அழுந்தி, ஒரு தீற்றலுக்கு இரண்டு பேய் கிடைக்கும். ஒவ்வொரு படத்திலும் ஒரு அளவை மட்டும் மாற்றுங்கள். ஷட்டர், திசை, வேகம் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு “அதுவா வந்துச்சு” என்று காட்டினால் எனக்குக் கோபம் வரும். நாளைக்குத் திரும்ப எடுக்கத் தெரியாத படத்தை உங்கள் படம் என்று சொல்லாதீர்கள்.

போட்டோஷாப் மோஷன் ப்ளரா? ஆகாது. ஒரு தெருவிளக்கை எடுத்தால், உங்கள் கோப்பில் அது 255 என்ற உச்ச எண்ணில் வெட்டுப்பட்டுக் கிடக்கும். நிஜத்தில் அது பக்கத்துச் சுவரைவிட நூறு மடங்கு பிரகாசமாக இருந்திருக்கலாம், கோப்புக்கு அது தெரியாது. மென்பொருள் அந்த 255-ஐ எடுத்துத் தேய்க்கும்போது சாம்பல் இழுப்பு வரும். கேமராவை ஆட்டி எடுத்தால் அதே விளக்கு கத்திபோல ஒரு வெண்கோடு கிழிக்கும். இதைக் கேட்டிருக்கவே வேண்டாம் நீங்கள், ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

படத்தின் மேல் படம் ஏற்றுவது வெளுத்துப் போவதும் இதே கணக்கு. முதல் படத்தில் எங்கே கறுப்போ அங்கேதான் இரண்டாவது படத்துக்கு இடம். சுண்ணாம்புச் சுவர் முன்னால் மணப்பெண், அதன் மேல் பூமாலை என்று ஏற்றினால் ஒன்றின் நிழலை மற்றதன் வெளிச்சம் நிரப்பும். கறுப்பே மிஞ்சாது, சாம்பல்தான் மிஞ்சும். பெண்ணைப் பக்கவாட்டில், வெளிச்சமான வானத்துக்கு முன் நிறுத்துங்கள். வானம் வெள்ளையாகட்டும், முகம் முழுக் கறுப்பாகட்டும். இரண்டாவதாக ஒரு பத்தமடைப் பாயை, வெயில் தாழ்ந்து பாயோடு ஒட்டி வரும் நேரத்தில், கோரையின் வரிவரியான மேடு தெரிய நெருங்கி எடுங்கள். பின்னல் முகத்துக்குள் மட்டும் இறங்கும், வானத்தில் ஏறாது. கேமராவில் கூட்டல் முறை இருந்து, இரண்டுமே சாதாரண வெளிச்சப் படங்கள் என்றால் ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப் குறையுங்கள். நான்கென்றால் 2, எட்டென்றால் 3. சராசரி முறை என்றால் கேமராவே வகுத்துக்கொள்ளும், நீங்களும் குறைத்தால் இருண்டுபோகும். கல்யாண ஆல்பத்தில் இதைப் போட்டுவிடாதீர்கள், பெண் வீட்டார் முகம் எங்கே என்று கேட்பார்கள்.

இந்தக் கணக்கு தலைகீழாக ஓடும் ஒரு வேலை உண்டு. கேமராவே வேண்டாம், நம்ம ஊர் வெயில் போதும். ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1842-இல் கண்டுபிடித்த சயனோடைப், வெயிலில் நீலப் படம் அச்சிடும் முறை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. நீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மி.லி. நீரிலும் தனித்தனியாகக் கரைத்து, வேண்டும்போது சம அளவு கலக்க வேண்டும். வெயில் வராத அறையில், மங்கலான மஞ்சள் விளக்கில் கெட்டியான பருத்தித் தாளில் பூசி உலர்த்துங்கள். கையுறை போடுங்கள், அடுக்களைப் பாத்திரம் வேண்டாம், ஃபெரிசயனைடை வீரியமான அமிலத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தாள் காயாது, பூச்சு ஊறிப் படரும். உலர்ந்த தாளில் ஓலையோ வலையோ வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி, உச்சி வெயிலில் 5 முதல் 15 நிமிஷம். வெளியே தெரிகிற பூச்சு வெண்கலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துக் கழுவுங்கள். ஒளி பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். இங்கே நிழல்தான் வெளிச்சம். போர்வெல் தண்ணீர் உப்பும் காரமுமாக இருந்தால் நீலம் கண்முன்னால் வெளிறும். முதல் தண்ணீரில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள். தாளிலிருந்து மஞ்சள் முழுக்கப் போகிறவரை அலசுங்கள்.

மேக்ரோ லென்ஸ் என்று ஏதோ கேட்டிருந்தீர்கள். வேண்டாம். துளையைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய 50 மி.மீ. ஒன்றும், அதைத் திருப்பி மாட்ட ஒரு ரிவர்ஸ் ரிங்கும் பாருங்கள். வளையம் இருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன் திருகிப் பாருங்கள். வளையம் இல்லாத புது லென்ஸைத் திருப்பினால் அப்பர்ச்சரை உங்கள் இஷ்டத்துக்கு மூட முடியாது. ஆடியில் காலைப் படம் எடுத்தால், ஷட்டரையும் சுற்றின் விநாடியையும் குறித்து அனுப்புங்கள். குறிப்பில்லாமல் படம் மட்டும் வந்தால் திறக்க மாட்டேன்.